ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்காக அமெரிக்க ஆசிரியர்கள் சட்டமன்றத்தில் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில், வேறு மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். உடன் பணியாற்றும் தமிழ் ஆசிரியர்களும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வரும் தமிழ்ப் பெற்றோரும் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

"ஆங்கிலம் கற்கும் மாணவர்", "குடியேறிய மாணவர்" என்று சட்டம் யாரைக் குறிக்கிறது?

வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்ததால், ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தைத் தொடர்ந்து புரிந்துகொள்ள இன்னும் உதவி தேவைப்படும் பிள்ளையே ஆங்கிலம் கற்கும் மாணவர். 2021 இலையுதிர்காலக் கணக்கின்படி அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இத்தகையோர் 53 இலட்சம் பேர் இருந்தார்கள். மொத்த மாணவர்களில் இது 10.6 சதவீதம். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரின் வீட்டுமொழி ஸ்பானிஷ்.

குடியேறிய மாணவர் என்பதற்குக் கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தில் தனி வரையறை உண்டு. மூன்று வயது முதல் 21 வயது வரையிலான, அமெரிக்க மாநிலம் எதிலும் பிறக்காத, அமெரிக்கப் பள்ளிகளில் முழுதாக மூன்று கல்வியாண்டுகளுக்கு மேல் படிக்காத பிள்ளைகள் அவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஹூஸ்டனில் பிறந்து ஸ்பானிஷ் மட்டும் பேசி வளர்ந்த சிறுமி முதல் வகையில் மட்டும் சேருவாள். லண்டனிலிருந்து சென்ற ஆண்டு வந்த சிறுவன் இரண்டாம் வகையில் மட்டும் சேருவான். இரண்டு வரையறைகளிலும் விசா பற்றியோ குடியுரிமை ஆவணம் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியரின் வேலை வகுப்பறையில்தானே? சட்டமன்றத்தில் அவருக்கு என்ன வேலை?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியே இதற்கு விடை தர முடியும். குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு சிறுவன் ஓர் அக்டோபரில் என் வகுப்பில் சேர்ந்தான். அவனுடைய கோப்பில் வீட்டுமொழி ஸ்பானிஷ் என்று இருந்ததால், அறிவியல் பாடத்துக்கான ஆங்கிலம்–ஸ்பானிஷ் சொற்பட்டியல் அவனுக்குத் தரப்பட்டது. மரியாதையாக வாங்கிக்கொண்டான், ஒருநாளும் திறக்கவில்லை. மூன்றாம் வாரம், உணவுக்கூடத்தில் தன் அக்காவோடு அவன் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அது ஸ்பானிஷ் இல்லை, மாயா மொழிகளில் ஒன்றான மாம். ஸ்பானிஷை அவன் சந்தையில் கேட்டிருக்கிறானே தவிர அதில் படித்ததில்லை. சேர்க்கைக் கணினியில் மொழிகளின் பட்டியலில் மாம் இல்லாததால், அலுவலகத்தில் இருந்தவர் அருகில் தோன்றிய மொழியைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பட்டியலில் இல்லாததை யாரால் தேர்ந்தெடுக்க முடியும்?

அந்தப் பட்டியல், அதை வைத்து எடுக்கப்படும் கணக்கு, அந்தக் கணக்கை வைத்து ஒதுக்கப்படும் பணம், அந்தப் பணத்தில் அமர்த்தப்படும் மொழிபெயர்ப்பாளர் ஆகிய எல்லாமே சட்டத்தாலும் விதிகளாலும் ஆனவை. விதியை எழுதுபவர் அந்தச் சிறுவனைப் பார்ப்பதில்லை. அவனுடைய பெற்றோர் விதியைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவர் ஆசிரியர் மட்டுமே. எனவே அவர் சட்டமன்றத்துக்குப் போவது கருத்துச் சொல்ல அன்று, கண்டதைச் சொல்லத்தான். கருத்துச் சொல்லுவோருக்கு அங்கே பஞ்சமே இல்லை.

வகுப்பறையில் கண்டது சட்டமாவதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. லிண்டன் ஜான்சன் 1928-ல் டெக்சஸின் கொட்டூலா என்னும் சிற்றூரில், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் படித்த வெல்ஹாசன் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளை 1965 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டு அமர்வில் குடியரசுத் தலைவராக நின்று நினைவுகூர்ந்தார். டெக்சஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோ முன்னின்று கொண்டுவந்த இருமொழிக் கல்விச் சட்டத்தில் 1968 ஜனவரியில் கையெழுத்திட்டவரும் அவரே. ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கென்று கூட்டாட்சி அரசு முதன்முதலில் பணம் ஒதுக்கியது அந்தச் சட்டத்தின் வழியாகத்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது சட்டப்படி என்ன உரிமைகள் உள்ளன?

நான்கு அடித்தளங்களைத் தெரிந்துகொண்டால் போதும். மற்றவை இவற்றிலிருந்து கிளைத்தவை.

முதலாவது, லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் 1974 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த தீர்ப்பு. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேருக்கு எந்த மொழி உதவியும் தரப்படவில்லை. எல்லோருக்கும் அதே கட்டடம், அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பாடத்திட்டம்தானே என்று கல்வி மாவட்டம் வாதிட்டது. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு அந்தச் சமத்துவம் சமத்துவமே ஆகாது, பொருளுள்ள கல்வியின் கதவு அவனுக்கு அடைக்கப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. அரசுப் பணம் பெறும் அமைப்புகள் இனம், பூர்விக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும், 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு இதற்கு அடிப்படையாயிற்று.

இரண்டாவது, அதே 1974-ல் காங்கிரஸ் இயற்றிய சமக் கல்வி வாய்ப்புச் சட்டம். மாணவர்கள் சமமாகப் பங்கேற்பதைத் தடுக்கும் மொழித் தடைகளைக் கடக்கத் தகுந்த நடவடிக்கை எடுப்பது பள்ளியின் கடமை என்று இது எழுத்திலேயே சொல்கிறது. மூன்றாவது, தகுந்த நடவடிக்கை என்பது எது என்று அளக்கும் கோல். டெக்சஸின் ரேமண்ட்வில் கல்வி மாவட்டத்தைப் பற்றிய காஸ்தன்யேடா எதிர் பிக்கார்ட் வழக்கில் 1981-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது: திட்டம் வல்லுநர்கள் ஏற்கும் கல்விக் கோட்பாட்டில் நிற்கிறதா, அதை நடத்தப் போதிய ஆசிரியரும் பொருளும் தரப்பட்டனவா, சில காலம் நடந்தபின் பிள்ளைகள் உண்மையிலேயே மொழித் தடையைக் கடந்தார்களா. சட்டமன்றத்தில் பேசப்போகும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்த மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன். நம் குறைகளில் பெரும்பாலானவை இரண்டாம் கேள்வியில்தான் வந்து விழும்.

நான்காவது, பிளைலர் எதிர் டோ. ஆவணமின்றி நாட்டுக்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது என்று 1975-ல் டெக்சஸ் சட்டம் இயற்றியது. டைலர் நகரக் கல்வி மாவட்டம் அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் விதித்தது. சில குடும்பங்கள் துணிந்து வழக்குத் தொடுத்தன. நீதிமன்றத்தில் முகம் காட்டினால் நாடுகடத்தப்படுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்ததால், நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் விசாரணையைக் காலை ஆறு மணிக்கு வைத்தார். அன்றே பிடிபட்டாலும் படலாம் என்று வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பங்களும் உண்டு. 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் இன்று என் வகுப்பில் சில நாற்காலிகள் காலியாக இருந்திருக்கும்.

தீர்ப்புகளே இருக்கும்போது மீண்டும் மீண்டும் சட்டமன்றத்துக்குப் போக வேண்டிய தேவை என்ன?

தீர்ப்பு தேய்ந்துபோகும் என்பதால். லாவ் தீர்ப்பு எந்த அடிப்படையில் எழுந்ததோ, அதை வைத்துத் தனிமனிதர் வழக்குத் தொடுக்கும் வழியை 2001-ல் அலெக்சாண்டர் எதிர் சாண்டவால் தீர்ப்பு பெருமளவு அடைத்துவிட்டது. உள்நோக்கத்தோடு செய்யப்பட்ட பாகுபாடு என்று நிறுவினாலன்றி ஆறாம் தலைப்பின்கீழ் பெற்றோர் நீதிமன்றம் ஏறுவது கடினம். 1974-ல் காங்கிரஸ் தனிச் சட்டமாகவும் இயற்றி வைத்திருந்ததால்தான் இன்று நமக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது.

பிளைலருக்கும் இதே நிலைதான். 2025-ல் டென்னசி சட்டமன்றத்தில், மாணவர்களின் குடியேற்ற நிலையைப் பள்ளிகள் கேட்கவும் ஆவணமற்றவர்களுக்குக் கட்டணம் விதிக்கவும் வழிசெய்யும் மசோதா வந்தது. பிளைலர் தீர்ப்பையே சோதித்துப் பார்ப்பது தங்கள் நோக்கம் என்று அதைக் கொண்டுவந்தவர்கள் மறைக்கவில்லை. அது செனட்டில் நிறைவேறியது. ஆசிரியர்கள், மாணவர்கள், மதகுருமார் எனப் பலரும் வாரந்தோறும் சட்டமன்றக் கூடங்களை நிறைத்தார்கள். இறுதியில், கூட்டாட்சிக் கல்வி நிதி பறிபோகுமோ என்ற கேள்வியில் சிக்கி அந்த ஆண்டு கீழவையில் மசோதா நின்றுபோனது. அதே ஆண்டில் இல்லினாய் எதிர்த்திசையில் நடந்தது. பிளைலர் தந்த உரிமையை மாநிலச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. நாளை உச்ச நீதிமன்றம் மனம் மாறினாலும் இல்லினாய்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம்.

சட்டம் அப்படியே இருக்க, அதற்கான விளக்கம் மட்டும் மறைவதும் உண்டு. பள்ளிகளின் கடமைகளை விரிவாக விளக்கிக் கூட்டாட்சிக் கல்வித் துறையும் நீதித் துறையும் 2015 ஜனவரியில் அனுப்பிய வழிகாட்டுக் கடிதம் 2025 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. மேலே சொன்ன சட்டங்களில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் "இந்தக் கடிதத்தின் இத்தனையாம் பக்கத்தைப் பாருங்கள்" என்று பள்ளி முதல்வரிடம் நீட்டிக் காட்ட இருந்த தாள் இல்லாமல் போனது, வேலை செய்கிற எங்களுக்குப் பெரிய இழப்பு.

பணம் எங்கிருந்து வருகிறது? யாரிடம் கேட்க வேண்டும்?

ஆசிரியர்கள் "டைட்டில் த்ரீ" என்று சொல்லும் கூட்டாட்சி நிதி ஒன்று உண்டு. 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தில் இந்த வடிவம் பெற்றது. 2015-ல் வந்த "எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ்" சட்டத்திலும் தொடர்கிறது. அண்மை ஆண்டுகளில் இதன் அளவு ஏறத்தாழ 89 கோடி டாலர். மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது 80 சதவீதம் ஆங்கிலம் கற்கும் மாணவர் எண்ணிக்கையையும் 20 சதவீதம் குடியேறிய மாணவர் எண்ணிக்கையையும் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. 53 இலட்சம் பிள்ளைகளால் வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 170 டாலர்கூட வராது. அதிலும், மாநிலமும் மாவட்டமும் செய்ய வேண்டிய செலவுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு மேலதிகமாகவே பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

ஆகவே பெரும்பணம் மாநிலத்தில்தான் இருக்கிறது, நம் கோரிக்கையும் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றத்துக்கே போக வேண்டும். பல மாநிலங்கள் ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகையோடு ஒரு விகிதத்தைக் கூட்டித் தருகின்றன. டெக்சஸில் இருமொழிக் கல்விக்கான அந்த விகிதம் 1980-களிலிருந்து 0.10 என்றே இருந்தது. 2019-ல் வந்த பள்ளி நிதிச் சட்டத்தில்தான், இருமொழியிலும் சேர்ந்து கற்பிக்கும் வகுப்புகளுக்கு மட்டும் அது 0.15 ஆனது. இந்தச் சிறு தசமப் புள்ளி பற்றிப் பேசுவது சலிப்பாகத் தோன்றும். ஓர் ஆசிரியர் 30 பிள்ளைகளைப் பார்ப்பதா 60 பிள்ளைகளைப் பார்ப்பதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

கூட்டாட்சி நிதி சிறிது என்பதற்காக அதை விட்டுவிடவும் முடியாது. 2025 ஜூலை 1 அன்று மாநிலங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட கல்வி நிதியை, டைட்டில் த்ரீ உட்பட, கூட்டாட்சி நிர்வாகம் நிறுத்திவைத்தது. காங்கிரஸ் ஏற்கெனவே ஒதுக்கிய பணம் அது. கோடைப் பயிற்சிகள் நின்றன. பள்ளி திறக்குமுன் ஆட்களை நீக்க வேண்டுமா என்று மாவட்டங்கள் கணக்குப் போட்டன. 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. அப்போதைய ஆளுங்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர்களிலேயே பத்துப் பேர் விடுவிக்கக் கோரிக் கடிதம் எழுதினார்கள். ஜூலை 25 அன்று பணம் விடுவிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அந்த மூன்றரை வாரத்தில் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும், முக்கியமாகக் குடியரசுக் கட்சி வலுவாக உள்ள சிற்றூர்களிலிருந்தும், ஆசிரியர்களும் கண்காணிப்பாளர்களும் தத்தம் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு இடைவிடாமல் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். 2026 நிதியாண்டுக்கான வரவுசெலவுத் திட்ட முன்மொழிவில் டைட்டில் த்ரீயை முற்றாக நீக்கும் யோசனையும் இருந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்கள் பேசியதால் சட்டம் மாறியதுண்டா?

உண்டு, ஆனால் பல ஆண்டுகள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் 1998 ஜூனில் வாக்காளர்கள் 61 சதவீத ஆதரவோடு 227-ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய ஒழித்தார்கள். வேண்டுமென்றே விதியை மீறிப் பிள்ளையின் மொழியில் கற்பிக்கும் ஆசிரியர்மேல் பெற்றோர் தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடுக்கவும் அது இடம் கொடுத்தது. அரிசோனா 2000-லும் மாசசூசெட்ஸ் 2002-லும் அதே வழியில் போயின. கொலராடோ வாக்காளர்கள் மட்டும் 2002-ல் மறுத்தார்கள்.

கலிபோர்னிய ஆசிரியர்கள் அந்த 18 ஆண்டுகளில் சும்மா இருக்கவில்லை. விதிவிலக்குக் கேட்டுப் பெற்ற பெற்றோரைக் கொண்டு சில பள்ளிகளில் இருமொழி வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தி, அவற்றில் படித்த பிள்ளைகளின் தேர்ச்சியைக் கையில் வைத்திருந்தார்கள். இரு மொழிகளில் தேர்ந்த மாணவரின் பள்ளியிறுதிச் சான்றிதழில் பதிக்கப்படும் இருமொழித் தேர்ச்சி முத்திரையை 2011-ல் அந்த மாநிலம்தான் முதலில் சட்டமாக்கியது. இருமொழி அறிவு குறை என்று பேசிவந்த ஊரில் அதைச் சிறப்பு என்று பேசவைத்தது அந்த முத்திரை. செனட்டர் ரிக்கார்டோ லாரா கொண்டுவந்த மசோதாவின் வழியே, 227-இன் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் நீக்கும் 58-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தபோது, 2016 நவம்பரில் 73 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். மாசசூசெட்ஸிலும் ஆசிரியர் அமைப்புகள் பெற்றோருடன் கூட்டணி சேர்ந்து பல கூட்டத்தொடர்கள் உழைத்தபின் 2017 நவம்பரில் பழைய கட்டுப்பாடு நீங்கியது.

சட்டமன்றக் குழுவின் முன் எப்படிப் பேச வேண்டும்?

உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். முதல் வாக்கியத்தில் பெயர், ஊர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்பதைச் சொல்லிவிட வேண்டும். குறிப்பெடுப்பவர் அதைத்தான் எழுதுவார். அடுத்து, நீங்கள் கண்ட ஒன்று. ஒன்றே ஒன்று. பிறகு, மசோதாவின் எந்தப் பிரிவு அதை மாற்றும் அல்லது கெடுக்கும் என்பது. முடிவில், குழு என்ன செய்ய வேண்டும் என்பது. எழுதியதை வீட்டில் கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் வேகமாகப் பேசுவோம். உச்சரிப்பு வேறுபட்டிருப்பதால் நிதானமாகப் பேசினால் நல்லது. உச்சரிப்புக்காக வெட்கப்பட வேண்டியதில்லை, நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தானே சொல்லித் தருகிறோம்?

நான் முதன்முறை போனபோது மாலை நாலரை மணிக்கு என் பெயரை அழைப்பார்கள் என்றார்கள். அழைத்தது எட்டே காலுக்கு. குழுவில் இருந்த ஒன்பது பேரில் நால்வரே மிஞ்சியிருந்தார்கள். மாம் பேசும் சிறுவன் திறக்காமலே வைத்திருந்த அந்தச் சொற்பட்டியலை, அவன் பெயரையோ பள்ளியின் பெயரையோ சொல்லாமல், மேசைமேல் வைத்துப் பேசினேன். மடிப்புக் கலையாத அந்தத் தாளை ஓர் உறுப்பினர் கையில் வாங்கிப் பார்த்தார். "இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் எண் இல்லை. பட்டியலில் அந்த மொழி இல்லாததால் எண்ணவே முடியவில்லை என்பதுதான் விடை என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வாகன நிறுத்துமிடத்தில் தோன்றியது. அன்றிரவே அதை எழுத்தில் அனுப்பினேன். எழுத்துச் சாட்சியம் பதிவேட்டில் சேரும், பேச மறந்ததை அதில் சொல்லலாம். தெரியாத கேள்விக்கு ஊகித்து விடை சொல்லக் கூடாது. "நாளை எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புவதே மதிப்பைத் தரும்.

உறுப்பினரைப் பார்க்கவே முடியவில்லை. இளவயது உதவியாளரைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். அதனால் பயன் உண்டா?

நிறைய உண்டு. கல்வி பற்றிய குறிப்பை உறுப்பினருக்கு எழுதித் தருபவர் அவர்தான். ஒரே பக்கத்தில் உங்கள் கோரிக்கையைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் நன்றி சொல்லி எழுதுங்கள். தலைநகருக்குப் போக முடியாதவர்கள் தொகுதியில் உள்ள அலுவலகத்தில் பார்க்கலாம். ஆங்கில ஆசிரியர்களின் பன்னாட்டு அமைப்பான டீசால் ஆண்டுதோறும் வாஷிங்டன் பகுதியில் நடத்தும் கொள்கை மாநாட்டில் இதற்கெனப் பயிற்சி தந்து, ஆசிரியர்களைக் காங்கிரஸ் அலுவலகங்களுக்கு அழைத்துச் செல்கிறார்கள். மாநில அமைப்புகளும் இதுபோல் நாள் குறித்து அழைத்துப் போவதுண்டு.

இன்னும் நல்ல வழி, பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதலோடு அவர்களை வகுப்புக்கு அழைப்பது. ஒரு பாடவேளை முழுக்கச் சிறு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த உதவியாளர் பிறகு கேட்கும் கேள்விகளே வேறு.

எப்போது போக வேண்டும்?

கூட்டாட்சி நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. காங்கிரஸின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுக்கள் உறுப்பினர்களின் விருப்பங்களைக் கேட்பது பெரும்பாலும் இளவேனிலில். கோடையில் போனால் தாமதம். மாநிலங்கள் வேறுபடும். டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் 140 நாள் கூடும் என்பதால், அங்கே இரட்டைப்படை ஆண்டே உறுப்பினரோடு பழகுவதற்கான காலம்.

பேசினால் என் வேலைக்கு ஆபத்து வருமா?

இல்லினாயில் மார்வின் பிக்கரிங் என்ற ஆசிரியர், பள்ளி நிதியைக் கல்விக் குழு கையாண்ட விதத்தைக் குறைகூறி உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1968-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பள்ளிப் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்பது பற்றி விவரமறிந்து பேசக்கூடியவர்கள் ஆசிரியர்களே, அவர்கள் அச்சமின்றிப் பேச வேண்டியது அவசியம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் 2006-ல் வந்த கார்செட்டி எதிர் செபயோஸ் தீர்ப்பு, பணியின் பகுதியாகப் பேசும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. நடைமுறையில் இதன் பொருள்: குடிமகளாக, குடியிருப்பவராகப் பேசுங்கள், பள்ளி மின்னஞ்சல், பள்ளிக் கணினி, பள்ளி நேரம், பள்ளி முத்திரை எதையும் பயன்படுத்தாதீர்கள், விடுப்பு எடுத்துப் போங்கள், மாவட்டத்தின் சார்பில் பேசவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டாட்சி நிதியில் சம்பளம் பெறும் நேரத்தை லாபியிங்குக்கு, அதாவது சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுவதற்கு, செலவிடக் கூடாது. தொழிற்சங்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாணவரின் கதையை எவ்வளவு சொல்லலாம்?

அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும். மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தை 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் காக்கிறது. ஐந்தே குடும்பங்கள் உள்ள ஊரில் நாட்டின் பெயரைச் சொன்னாலே அடையாளம் தெரிந்துவிடும். அப்படியானால் அதையும் விட்டுவிட வேண்டும். குடியேற்ற நிலை பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவே கூடாது. நமக்குத் தெரியாததை யாரும் நம்மிடமிருந்து வாங்க முடியாது. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய பழைய கொள்கை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டபின் இது பன்மடங்கு முக்கியமாகிவிட்டது. பிள்ளையையே அழைத்துப்போய்ச் சாட்சி சொல்லவைக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் செய்யமாட்டேன்.

நான் விசாவில் வேலை செய்யும் ஆசிரியர். நானும் பேசலாமா?

பேச்சுரிமை இந்நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு என்பது 1945-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. உறுப்பினருக்கு எழுதலாம், குழுமுன் சாட்சியம் சொல்லலாம். வாக்களிக்க முடியாது, நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர் எந்தத் தேர்தல் பிரச்சாரத்துக்கும் பணம் கொடுப்பது குற்றம். இன்றைய சூழலில் முதலில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றே நண்பர்களிடம் சொல்கிறேன். தயங்குபவர்கள் சங்கத்தின் வழியாக எழுத்தில் அனுப்பலாம்.

எச்-4 விசாவில் உள்ள நம் பிள்ளைகளுக்கு இதில் ஏதேனும் உண்டா?

எச்-4 என்பது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான சார்பு விசா. பள்ளியில் அவர்களுக்கும் இதே மொழி உரிமைகள் உண்டு. சிக்கல் 21 வயதில் வருகிறது. பெற்றோரின் பச்சை அட்டை வரிசை நகருமுன் பிள்ளை 21-ஐ எட்டினால் சார்பு விசா முடிந்துவிடும். சிறுவயதில் அழைத்துவரப்பட்ட ஆவணமற்றவர்களை நாடுகடத்தாமல் தள்ளிவைக்க 2012-ல் அறிவிக்கப்பட்ட டாக்கா (DACA) திட்டம், அந்த ஆண்டு ஜூன் 15 அன்று சட்டபூர்வ நிலை இல்லாதவர்களுக்கே பொருந்தும் என்பதால், முறைப்படி விசாவோடு வந்த பிள்ளைகள் அதற்கு வெளியே நின்றார்கள். இவர்களுக்கென 2021-ல் காங்கிரஸில் கொண்டுவரப்பட்ட அமெரிக்கக் குழந்தைகள் மசோதா அந்தக் காங்கிரஸில் நிறைவேறவில்லை. கல்லூரிப் படிவம் நிரப்பும் வயதில் இந்தப் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதற்கும் சாட்சி சொல்ல வேண்டும்.

வீட்டுமொழிப் படிவத்தில் "தமிழ்" என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுவே. அச்சத்தில் "ஆங்கிலம்" என்று எழுதிவிட்டு, வீட்டில் பாட்டியோடு தமிழில் மட்டும் பேசும் பிள்ளையை அனுப்புகிறவர்கள் உண்டு. தமிழ் என்று எழுதினால் நடப்பது இதுதான்: ஒரு சிறு மொழித் தேர்வு வைப்பார்கள். தேறினால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் உதவி தர வேண்டியது பள்ளியின் கடமை. கல்வியாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் காரணத்தையும் திட்டத்தையும் விளக்கி உங்களுக்கு எழுத வேண்டும், கூடுமானவரை உங்களுக்குப் புரியும் மொழியில். அந்த உதவி வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் தேர்வைப் பிள்ளை தேறும்வரை எழுதியாக வேண்டும்.

உண்மையை எழுதாவிட்டால், அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. சென்ற ஆண்டு ஒரு தாய் திரும்பி வந்து படிவத்தைத் திருத்திக் கேட்டார். மகள் தேர்வில் கேட்டல் பகுதியில் தேறினாள், எழுதுதலில் தேறவில்லை. வாரத்துக்கு நான்கு பாடவேளை என்னிடம் வந்தாள். எங்கள் பள்ளியின் அந்த ஆண்டு அறிக்கையில், மொழிகளின் வரிசையில், தமிழ் என்பதற்கு நேரே முதன்முறையாக 1 என்று இருந்தது.